நேரடி போக்கர் மேசை: கை நடுங்கினால் பயமா, பலமா?

மவுண்ட்எட்ஜ்கோம்_தம்பி | ஞாயிறு, காலை 6:10

வணக்கம். ரெண்டு நாளா ஒரே ஆட்டம் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. இங்க எழுதினா யாராவது விளக்குவீங்கன்னு நம்பி எழுதறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி, டர்பன்ல ஒரு கேசினோ. நோ லிமிட் ஹோல்டம் (ஆளுக்கு ரெண்டு மூடின சீட்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு), பிளைண்ட் (சீட்டு வர்றதுக்கு முன்னாலயே ரெண்டு பேர் கட்டற பணம்) 10-20 ரேண்ட், மேசையில ஒன்பது பேர். எனக்கு இஸ்பேட் ஏஸ், டைமண்ட் க்வீன். 80-க்கு ரெய்ஸ் பண்ணேன், அதாவது பெட்டை ஏத்தினேன். ஒரே ஒருத்தர் கால், அதே பணத்தைக் கட்டி உள்ள வந்தார். அவருக்கு அறுபது வயசு இருக்கும். சாயங்காலத்துலேர்ந்து பேரனோட கிரிக்கெட், ஊர்ல தண்ணி வராததுன்னு கலகலன்னு பேசிக்கிட்டே இருந்த மனுஷன்.

ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) க்வீன், 8, 4. க்வீனும் 4-ம் ஹார்ட். நான் 150 போட்டேன், கால். டேர்ன்ல (நாலாவது சீட்டு) கிளாவர் 2. நான் 500, மறுபடி கால். ரிவர்ல (கடைசி சீட்டு) ஹார்ட் 6. பாட்ல (நடுவுல சேர்ந்த பணம்) கிட்டத்தட்ட 1,500 ரேண்ட் இருந்துச்சு. மூணாவது ஹார்ட் விழுந்ததால நான் பெட் போடாம செக் சொன்னேன்.

அவர் பேச்சு நின்னுபோச்சு. 1,200-க்கு சிப்ஸ் எண்ணி முன்னால தள்ளினார். தள்ளும்போது விரல் நடுங்குது. சிப்ஸ் ஒண்ணோட ஒண்ணு உரசற சத்தம் எனக்குக் கேட்டுது, கடைசி அடுக்கு சரிஞ்சே விழுந்துருச்சு. மனுஷன் பயந்துபோய் வெறுங்கையை வச்சு ப்ளஃப் அடிக்கிறார்னு முடிவு பண்ணி கால் பண்ணேன். ஹார்ட் ஜாக், ஹார்ட் 9 திருப்பிப் போட்டார். அஞ்சும் ஹார்ட், ஃப்ளஷ். என் க்வீன் ஜோடி தோத்துருச்சு.

பணம் போனதை விட, அவ்வளவு தெளிவா கண்ணால பார்த்ததை நான் தப்பா படிச்சதுதான் உறுத்துது. நீங்க எல்லாம் மேசையில எதைப் பார்க்கறீங்க?

---

கோவை_டு_சாண்ட்டன் | ஞாயிறு, காலை 7:45

தம்பி, நானும் கால்தான் பண்ணியிருப்பேன். ஊர்ல தீபாவளிக்கு விடிய விடிய ரம்மி ஆடுவோம். கை நடுங்கறவனுக்கு சீட்டு சேரலைன்னு அர்த்தம், அது எங்க சித்தப்பா சொல்லிக் கொடுத்த பாடம். நான் எப்பவும் கண்ணைப் பார்ப்பேன். பொய் சொல்றவன் நேருக்கு நேர் பார்க்க மாட்டான். அவர் உங்களைப் பார்த்தாரா?

---

முன்னாள்_டீலர் | ஞாயிறு, மதியம் 1:20

ஏழு வருஷம் சீட்டுப் போட்டவன் நான். டீலர் நாற்காலியிலேர்ந்து பார்த்தா எல்லார் கையும் தெரியும், யாரும் நம்மளை ஒரு ஆளாவே கவனிக்க மாட்டாங்க. அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

புதுசா ஆடறவங்க, வாரம் ஒரு தரம் வர்றவங்க பெரிய பெட் போடும்போது கை நடுங்கினா, பெரும்பாலும் அவங்க கையில நல்ல சீட்டு இருக்கும். ஃப்ளாப்லேர்ந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஹார்ட்டுக்காகக் காத்திருந்த ஆள். அது விழுந்ததும் அடக்கி வச்சிருந்த பதட்டம் எல்லாம் கை வழியா இறங்குது. நம்ம வீட்ல பரீட்சை ரிசல்ட் பார்த்து பாஸ்னு தெரிஞ்ச அப்புறம் பிள்ளைக்கு உடம்பு உதறுதே, அதே உதறல்தான்.

ப்ளஃப் அடிக்கிறவன் பெரும்பாலும் உறைஞ்சு போவான். மூச்சு மேலோட்டமா இருக்கும், கை பெட் போட்ட இடத்துலயே நிக்கும், மென்னுக்கிட்டிருந்த வாய் நின்னுடும். தன்மேல கண்ணு படக்கூடாதுன்னு உடம்பு தானா ஒடுங்கும். அந்த நேரத்துல ஏதாவது கேட்டுப் பாருங்க, பதில் ஒரு வார்த்தையில வரும், இல்லாட்டி வராது.

இன்னொண்ணு கேட்கணும். ரிவர்ல மூணாவது ஹார்ட் விழுந்ததும் அவர் தன் சீட்டைத் தூக்கித் திரும்பப் பார்த்தாரா? ரெண்டு ஹார்ட் வச்சிருக்கறவனுக்கு அது மறக்கவே மறக்காது, அதுக்காகத்தானே 500 கட்டி உட்கார்ந்திருக்கான். திரும்பப் பார்க்கறவன் பாதிப்பேர், "நம்மகிட்ட ஒரு ஹார்ட்டாவது இருந்துச்சா?"ன்னு தேடறவன்.

சாண்ட்டன் தம்பி, கண்ணை நம்பறதைப் பத்தி ஒரு வார்த்தை. நீங்க தென்னாப்பிரிக்கா மேசையில உட்கார்ந்திருக்கீங்க. ஜூலு வீட்ல வளர்ந்த இளைஞன் தன்னைவிட மூத்தவர் கண்ணை நேரா பார்க்க மாட்டான், அது அவங்க மரியாதை. நம்ம வீட்லயும் பழைய ஆளுங்க அப்படித்தானே வளர்த்தாங்க? நரைச்ச தலைக்கு முன்னால ஒரு பையன் கண்ணைத் தாழ்த்தினா, அதைப் பயம்னு படிச்சு பணம் கட்டின வெளிநாட்டுக்காரங்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்.

---

மவுண்ட்எட்ஜ்கோம்_தம்பி | ஞாயிறு, மதியம் 2:05

அண்ணே, திரும்பப் பார்க்கவே இல்லை. சீட்டு விழுந்ததும் ஒரு நொடி தன் சிப்ஸைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கம் ஓடின டிவியைப் பார்த்தார். இப்ப எழுதும்போதுதான் ஞாபகம் வருது.

---

புள்ளியியல்_அக்கா | ஞாயிறு, மாலை 5:30

விரல் நடுங்கியதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பெட்டைப் பற்றிப் பேச வேண்டும். மன்னிக்கவும், நான் வகுப்பில் கணக்கு நடத்துகிறவள், விட மனசு வராது.

1,200 கட்டினால், பாட் 1,500-உம் அவருடைய 1,200-உம் சேர்த்து 2,700 கிடைக்கும். மொத்தம் 3,900-இல் உங்கள் பங்கு 1,200, அதாவது சுமார் 31 சதவீதம். மூன்று முறைக்கு ஒரு முறையாவது அவர் ப்ளஃப் ஆக இருந்தால்தான் இந்தக் கால் ஓரளவு நியாயம். இப்போது அவரிடம் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணுங்கள். இந்த மாதிரி ஆள் 80 ரேண்ட் கட்டி உள்ளே வந்து, இரண்டு பெட்டையும் தாங்கியிருக்கக்கூடிய ஹார்ட் ஜோடிகள் (இரண்டு சீட்டும் ஹார்ட்டாக உள்ள சேர்க்கைகள்) ஒரு 18 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்த 31 சதவீதத்துக்கு எட்டு ப்ளஃப் ஜோடிகளாவது அவர் கையில் இருக்க வேண்டும். மாலையிலிருந்து அவர் ஒருமுறையாவது ரிவரில் வெறுங்கையோடு பெரிய பெட் போட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அந்த எட்டு எங்கிருந்து வரும்?

டேர்னில் நீங்கள் போட்ட 500 சரியான பெட். மீதமுள்ள 46 சீட்டில் 9 மட்டுமே ஹார்ட், ஐந்துக்கு ஒன்றுகூட முழுதாகத் தேறாது. அவர் அங்கேயே சீட்டை எறிந்து மடக்கியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு கையில் இரண்டு ஹார்ட்டை வைத்துக்கொண்டு மடக்குகிறவர் யார்? அந்தக் குணத்தைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும். ஹார்ட் ஏஸ் உங்களிடம் இருந்திருந்தால்கூட ஒரு பேச்சு, அவருடைய பெரிய ஃப்ளஷ்கள் பல குறைந்திருக்கும். உங்களுடையது இஸ்பேட்.

முன்னாள் டீலர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி. 2013-இல் சைக்காலஜிக்கல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகத் தொடர் போக்கர் போட்டிக் காட்சிகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டி, சீட்டு எவ்வளவு நல்லது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் தவறினார்கள், குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம் மோசம். சிப்ஸ் தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் அதைவிட நன்றாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருந்தவர்களின் கை வழுக்கிக்கொண்டு போவது போல, தயக்கமில்லாமல் அசைந்தது. நீங்கள் சொல்வது நேர் எதிராக இருக்கிறதே? நல்ல சீட்டுக்கு நடுங்கும் என்கிறீர்கள்.

---

முன்னாள்_டீலர் | ஞாயிறு, இரவு 8:50

நல்ல கேள்வி அக்கா. நாள் பூரா யோசிச்சேன்.

அந்தக் காட்சிகள்ல இருக்கறவங்க ஆயிரக்கணக்கான மணி நேரம் சிப்ஸ் தள்ளினவங்க. பெரிய பாட் அவங்களுக்குத் தினசரி வேலை. அவங்க கை பழகின கை, மனசுல சந்தேகம் வந்தாத்தான் அதுல ஒரு தட்டு தட்டும். நம்ம பெரியவருக்கு 1,200 ரேண்ட் ஒரு மாசத்து மளிகை. பழகாத கைக்கு சந்தோஷமும் ஒரு அதிர்ச்சிதான்.

அதனாலதான் நான் சேர்ந்த புதுசுல மூத்த டீலர் ஒருத்தர் சொல்வார்: முதல் அரை மணி நேரம் யாரையும் எடை போடாதே, சும்மா பழகிக்கோ. பெரியவர் பத்து ரேண்ட் பெட்டுக்கே நடுங்கறாரா? வயசு, சுகர், நாலாவது காபி, எதுவா வேணா இருக்கலாம். அவரோட வழக்கம் தெரிஞ்சாத்தான் மாற்றம் தெரியும்.

---

யாழ்_ஜோபர்க் | திங்கள், காலை 9:15

நான் ஊரில 304 எண்ட சீட்டாட்டம் விளையாடி வளந்த ஆள். இங்க வந்து போக்கர் பழகினதுக்குப் பிறகு எனக்கு விளங்கின விசயம் ஒண்டு. ஆளைப் பாக்கிறதெண்டா அவர் யோசிக்கிற நேரத்தைப் பாருங்கோ.

304-இல நாலு சீட்டு கையில வந்த உடனே கேள்வி (எத்தினை புள்ளி எடுப்பனெண்டு ஏலம்) கேக்க வேணும். ஆர் உடனே கேட்டது, ஆர் ஒருக்கா சீட்டை விரிச்சு மூடிப்போட்டுக் கேட்டது, எல்லாம் மனசில நிக்கோணும். துரும்பை, அதாவது மற்ற வகையளை வெட்டுற சீட்டை, கவிழ்த்து வச்சிருப்பினம், அது என்னெண்டு நேரத்தை வச்சுத்தான் நாங்கள் மணந்து பிடிப்பம்.

போக்கரில சட்டெண்டு கால் பண்ணுறவர் அனேகமா நடுத்தரமான சீட்டு இல்லாட்டி இழுவையில, இன்னும் ஒரு சீட்டு விழுந்தாச் சேருமெண்டு, நிக்கிறவர். பெரிய சீட்டெண்டா ரெய்ஸ் பண்ணுவமோ எண்டு ஒருக்காலாவது யோசிப்பார்தானே? தம்பி, உங்கட பெரியவர் ஃப்ளாப்பிலயும் டேர்னிலயும் எவ்வளவு நேரம் எடுத்தவர்?

---

மவுண்ட்எட்ஜ்கோம்_தம்பி | திங்கள், காலை 10:02

அண்ணே, ரெண்டு தடவையும் சட்டுனு. டேர்ன்ல 500-ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சிப்ஸ் உள்ள வந்துருச்சு. இழுவை, எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

---

சாட்ஸ்வொர்த்_மாமா | திங்கள், இரவு 7:40

தம்பிங்களா, வணக்கம். நான் சனிக்கிழமை கோயில் வகுப்புல தமிழ் எழுதப் படிச்ச ஆள், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

யாழ்ப்பாணத்துத் தம்பி 304 பத்தி எழுதினதைப் படிச்சதும் எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. நாங்க இங்க ஆடற துனி சீட்டாட்டமும் அதே கணக்குத்தான்! ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்துக்கு 10, ராஜா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. நீங்க எட்டு, ஏழும் வச்சு 32 சீட்டுல ஆடறீங்க, நாங்க 24 சீட்டுல ஆடறோம். 1860-ல ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மதராஸ்லேர்ந்து டர்பனுக்கு வந்ததுலேர்ந்து எத்தனையோ சொல்லு எங்க வாயிலேர்ந்து போயிருச்சு. எங்க தாத்தா கரும்புத் தோட்டத்து பேரக்ஸ்ல மண்ணெண்ணெய் விளக்கு வச்சு ஆடின ஆட்டம் மட்டும் போகலை. கல்யாண வீட்ல ராத்திரி பிரியாணி அண்டா இறங்கற வரைக்கும் இன்னும் நடக்குது.

துனியில முதல்ல நாலு சீட்டு வரும். கேட்டு முடிச்ச அப்புறம் மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டு வரும்போது நான் என் சீட்டைப் பார்க்க மாட்டேன், எதிராளி விரலைப் பார்ப்பேன். ஆள் தன் சீட்டை வகை பிரிச்சு அடுக்கி வச்சிருப்பான். புதுச் சீட்டை எடுத்ததும் விரல் தானா ஒரு இடத்துக்குப் போகும். துரும்பு அடுக்கின பக்கம் சொருகினா துரும்பு வந்துருச்சு. ஓரத்துல தனியா வச்சா ஒண்ணுத்துக்கும் உதவாதது. எங்க மச்சான் ஒருத்தர், நாற்பது வருஷமா ஆடறார், இன்னும் அந்த விரலை அவரால கட்டுப்படுத்த முடியலை. சிகரெட்டை விட்டார், இதை விட முடியலை.

போக்கர்ல ரெண்டே சீட்டு, அடுக்க வேலையில்லை. ஆனா இதே பார்வை அங்கயும் செல்லும். ஃப்ளாப் விழும்போது எல்லாரும் நடு மேசையைப் பார்ப்பாங்க. அந்த மூணு சீட்டு எங்கயும் ஓடிப்போகாது, அப்புறம் பாரு. அந்த ஒரு நொடி ஆளைப் பாரு. பிடிச்ச சீட்டு விழுந்தவன் கண்ணு தன் சிப்ஸுக்குப் போய்ட்டு வரும், நீ சொன்ன பெரியவருக்குப் போன மாதிரி.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். எதிராளியைப் பார்க்கறது ஆட்டம். பார்ட்டனருக்குக் கண்ணு காட்டறது களவு. துனி மேசையில அதுக்காகச் சொந்த அண்ணன் தம்பி பேச்சு நின்னு போனதை நான் பார்த்திருக்கேன்.

---

முன்னாள்_டீலர் | திங்கள், இரவு 9:10

மாமா சொன்ன கடைசி விஷயத்தோட ஒண்ணு சேர்க்கறேன். நம்மாளுங்க ரெண்டு பேர் ஒரே மேசையில உட்கார்ந்தா, ஆட்டம் நடக்கும்போது தமிழ்ல பேசாதீங்க. நான் வேலை பார்த்த மேசையில ஆங்கிலம் மட்டும்தான். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாக்கூட மத்தவங்களுக்கு அது சீட்டு சொல்ற மாதிரிதான் படும். அவங்க சந்தேகத்துல நியாயமும் இருக்கு. டீலரா எத்தனையோ தரம் நம்ம ஆளுங்களையே நான் நிறுத்த வேண்டியிருந்தது, மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

---

கோவை_டு_சாண்ட்டன் | செவ்வாய், காலை 6:50

நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னே கையை நடுங்க வச்சா என்ன பண்றது? வேணும்னே சீட்டைத் திரும்பப் பார்த்தா? இதுக்கு ஆன்லைன்ல ஆடினா தேவலையே, கணக்கு மட்டும் பார்த்தாப் போதும்.

---

நெறியாளர் | செவ்வாய், காலை 8:00

ஆன்லைன் பற்றி ஒரு குறிப்பு மட்டும். 2004-ஆம் ஆண்டு தேசிய சூதாட்டச் சட்டப்படி ஆன்லைன் போக்கர், கேசினோ ஆட்டங்களுக்கு இந்த நாட்டில் அனுமதி இல்லை. 2008-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. வெளிநாட்டுத் தளங்களின் சுட்டிகளை இங்கே போட வேண்டாம். உரிமம் பெற்ற கேசினோவின் நேரடி மேசையோடு நிறுத்திக்கொள்வோம்.

---

புள்ளியியல்_அக்கா | செவ்வாய், மாலை 4:25

நடிப்பைப் பற்றி: நடிக்கிறவர் உங்களுக்காக நடிக்கிறார், அதனால் நீங்கள் பார்க்கிறீர்களா என்று கவனிப்பார். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, "சரி, போடுறேன்" என்று அலுத்துக்கொண்டு பெட் போடுகிறவரிடம் நான் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு கால் பண்ணவே மாட்டேன். சோகத்தைக் காட்டுகிறவர் கையில் பெரும்பாலும் பலமான சீட்டு இருக்கிறது.

பெட் அளவை மட்டும் நடிக்க முடியாது, அது பணம். எங்கள் மேசையில் ஒருவர் ப்ளஃப் என்றால் பாட் தொகையில் பாதி, நல்ல சீட்டு என்றால் பாட் முழுவதும் என்று போடுவார், அவருக்கே அது தெரியாது. ஒவ்வொரு முறை சீட்டைத் திருப்பும்போதும் நான் மனதில் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாதம் பிடித்தது.

ஆக, கணக்கு கால் என்றால் நான் கால், மடக்கு என்றால் மடக்கு. விளிம்பில் நிற்கும்போது மட்டும் அண்ணனும் மாமாவும் சொல்லும் விரலைப் பார்ப்பேன். தம்பியின் ஆட்டம் விளிம்பில் இல்லை, விரலைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

---

சாட்ஸ்வொர்த்_மாமா | செவ்வாய், இரவு 8:15

அம்மா, உன் கணக்குக்கு நான் தலை வணங்கறேன். ஆனா நீ ரெண்டு மாசம் குறிச்சதும் ஆளைப் படிச்சதுதானே? 18-ன்னும் எட்டுன்னும் போட்டியே, அந்த எட்டு அவர்கிட்ட இல்லைன்னு உனக்கு யார் சொன்னது? அவர் குணம் சொல்லுச்சு.

2007-ல ஜோகன்னஸ்பர்க்காரர் ரேமண்ட் ரஹ்மே உலகத் தொடர் போக்கர் பெரிய ஆட்டத்துல 6,358 பேருக்கு நடுவுல மூணாவதா வந்தார். முப்பது லட்சம் டாலருக்கு மேல. அந்த வாரம் எங்க தெருவுல துனி மேசை எல்லாம் போக்கர் மேசையாச்சு. பையனுங்க கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு உட்கார்ந்தாங்க. கண்ணை மறைச்சாங்க, விரலை மறைக்கலை. எங்க ஆயா, போக்கர்னா என்னன்னே தெரியாது, டீ கொண்டு வந்து வைக்கும்போது "அந்தப் பையன்கிட்ட நல்ல சீட்டு இருக்கு"ன்னு என் காதுல சொல்லிட்டுப் போவாங்க. நான் கேட்டேன், எப்படித் தெரியும்னு. "டீயைத் தொடலை பாரு"ன்னாங்க.

---

யாழ்_ஜோபர்க் | புதன், காலை 9:30

மாமா, அந்த டீக் கதையை நான் மறக்கமாட்டன்.

தம்பிக்கு உடனே பயன்படுற விசயம் ஒண்டு சொல்லுறன். உங்கட இடப்பக்கம் இருக்கிற ரெண்டு பேரைப் பாருங்கோ. அவை உங்களுக்குப் பிறகுதான் ஆட வேணும், ஆனா கனபேர் தங்கட முறை வர முந்தியே சீட்டைப் பாத்துப்போட்டு, எறியப்போறமெண்டு கையில தூக்கி வச்சிருப்பினம். விளையாடப்போறவர் சீட்டை மேசையில வச்சு மேல ஒரு சிப்ஸை வைப்பார். உங்கட சீட்டை உங்கட முறை வரும் மட்டும் பாக்காதேங்கோ, அந்த நேரத்தில இடப்பக்கம் பாருங்கோ.

---

மவுண்ட்எட்ஜ்கோம்_தம்பி | சனி, அதிகாலை 1:50

இப்பதான் வீட்டுக்கு வந்தேன். பெரியவர் இன்னைக்கு வரலை.

யாழ் அண்ணே, நீங்க சொன்னதை அப்படியே பண்ணேன். என் இடப்பக்கம் ஒரு டாக்ஸி ஓட்டற அண்ணன். எறியப்போற சீட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல, எறியற மாதிரியே பிடிச்சிருப்பார். ஆடப்போற சீட்டு மேல சிவப்பு சிப்ஸ் ஒண்ணு உட்காரும். ஒரு மணி நேரத்துல ஒருதரம்கூட மாறலை. அவர் தூக்கிப் பிடிச்சிருந்தப்ப எல்லாம் சுமாரான சீட்டுக்கும் ரெய்ஸ் பண்ணேன், எனக்கு அப்புறம் ஆள் ஒண்ணு குறைஞ்ச மாதிரிதானே. பெரிய லாபம் இல்லை, ஆனா மேசையில முதல் தடவையா நிதானமா மூச்சு விட்டேன்.

கடைசி ஆட்டம் ஒண்ணு. எதிர்ல புதுசா வந்த ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். ஒரு மணி நேரமா சிப்ஸை வலது கையாலதான் தள்ளினாங்க, ஒரே சீரா. எனக்கு ஜாக் ஜோடி, போர்டுல க்வீன் ஒண்ணு, மூணு இஸ்பேட். ரிவர்ல 900 ரேண்ட் பெட், பாட் 1,000. கணக்குப் போட்டேன் அக்கா: 900 கட்டினா 1,900, எனக்கு 32 சதவீதம் வேணும். அவங்க ப்ளஃப் அடிச்சு நான் ஒருதரம்கூடப் பார்க்கலை. சீட்டைத் திரும்பப் பார்க்கலை. மடக்கிட்டேன். அவங்களும் சீட்டைக் காட்டாம உள்ள தள்ளிட்டாங்க.

ஆனா அந்த 900-ஐ மட்டும் இடது கையால தள்ளினாங்க. அது என்னன்னு எனக்குப் புரியலை.

---

சாட்ஸ்வொர்த்_மாமா | சனி, காலை 5:35

வலது கை எங்க இருந்துச்சு?

---

மவுண்ட்எட்ஜ்கோம்_தம்பி | சனி, காலை 9:12

சீட்டு மேல, மாமா. அழுத்திப் பிடிச்சிருந்தாங்க.